உட்கார்ந்த நேரம்

இங்கே ஒரு மணி நேரம் என்பது
ஐம்பது நிமிடம்.
மிச்சம் பத்து எங்கே என்று
வந்த புதிதில் ஷம்ஸாவிடம் கேட்டேன்.
அடுத்த வகுப்புக்கு நடக்க, என்றார்.
சொஹாரின் ஜூன் வெயிலில்
இரண்டு கட்டடங்களுக்கு நடுவே நடந்து பார்த்தபோது
பத்து போதாது என்றுதான் தோன்றியது.

வாரத்துக்கு ஒரு மணி, பதினைந்து வாரம்:
அது ஒரு கிரெடிட்.
ஆய்வுக்கூடம், பட்டறை, ஆஸ்பத்திரி வார்டு என்றால்
மூன்று மணிக்கு ஒன்று.
அதாவது
உட்கார்ந்து கேட்டால் முழுசு,
நின்று செய்தால் மூன்றில் ஒரு பங்கு.
பதினோரு வருஷமாக
இந்த வாய்ப்பாடுதான் எனக்குச் சோறு.

பெல்சிட்டா இரவுப் பணி முடிந்து நேரே வந்திருந்தாள்.
வெள்ளைக் காலணியில் காய்ந்த அயோடின் பொட்டு.
மார்த்தாண்டத்தில் படித்த நர்ஸிங் டிப்ளமோ,
உறைக்குள் உறைக்குள் உறை,
தூதரக முத்திரையின் வால் மேல்
அமைச்சக முத்திரையின் தலை.
பட்டம் இல்லாமல் பொறுப்பு தரமாட்டார்களாம்.
பொறுப்பை மட்டும் ஆறு வருஷமாகச்
செய்துகொண்டிருக்கிறாளாம்.

கூட்டினேன்.
வகுப்பறை ஐந்நூற்று நாற்பது மணி: முப்பத்தாறு கிரெடிட்.
வார்டு ஆயிரத்து நானூற்று நாற்பது: முப்பத்திரண்டு.

எங்க மணிக்கு அறுபது நிமிஷம் சார், என்றாள்.

மணி மணிதான், என்றேன்.

ரமலானில் நாற்பது நிமிஷத்தில் வகுப்பை விடுறீங்களே,
அப்போ கிரெடிட் குறையுமா?

குறையாது.

தலையாட்டினாள்,
காய்ச்சல் எவ்வளவு என்று பார்த்துக்
குறித்துக்கொள்கிற மாதிரி.

அடிப்பதும் மணி, கோப்பதும் மணி,
கழிவதும் மணி நம் பேச்சில்.
இதை ஷம்ஸாவுக்கு அரபியில் சொல்ல
ஒருமுறை முயன்று
பாதியில் தேநீர் போடப் போய்விட்டேன்.

அறுபத்தெட்டு வந்தது.
ஏற்கலாம் என்று விதி சொல்வது அறுபது வரை.
எட்டு நிரம்பி வழிகிறது, வெட்ட வேண்டும்.
கணினி தேதிப்படி கடைசியிலிருந்து வெட்டும்.
கடைசியில் இருந்தது இறுதியாண்டு இரவுப் பணி,
எட்டு மணி வீதம் நாற்பத்தைந்து இரவு.

அந்த நாற்பத்தஞ்சு ராத்திரியும்
நான் தூங்கியிருக்கலாமே சார்,
என்று சிரித்தாள்.
நானும் சிரித்தேன்.
பிறகு பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி
ஒரு பக்கத்தின் மேல் கை வைத்தாள்.
இதை வெட்டாதீங்க.

அறுவைக்குப் பின் கவனிப்பு. படுக்கை ஒன்பது.
இரவு பத்து முதல் காலை ஆறு.
மேற்பார்வையாளர் கையொப்பம்.
அவ்வளவுதான் எழுதியிருந்தது.
ஒன்பதில் யார் என்று நான் கேட்கவில்லை,
அதற்குப் படிவத்தில் இடமும் இல்லை.

வேற எதையாவது எடுங்க, என்றாள்.

கையால் வரிசையை மாற்றினேன்.
ஆங்கிலம் மூன்று. சமூகவியல் மூன்று.
கணினி அறிமுகம் இரண்டு.
சரியாக எட்டு.
ஏன் இப்படி என்று ஷம்ஸா புருவம் தூக்கினார்.
குறிப்பு என்ற கட்டத்தில்
'விண்ணப்பதாரர் விருப்பம்' என்று எழுதிவிட்டு
அடுத்த கோப்பை எடுப்பதாகக் காட்டிக்கொண்டேன்.

ஆக, கோப்பின்படி
பெல்சிட்டாவுக்கு ஆங்கிலம் தெரியாது.
அந்த நேரம் அவள் தாழ்வாரத்தில் நின்று
போனில் யாருக்கோ
மூன்று மருந்துகளின் பெயரை
எழுத்தெழுத்தாக ஆங்கிலத்தில் சொல்லி
அளவை அரபியில் சொல்லி
திரும்பச் சொல், திரும்பச் சொல் என்று
உறுதி செய்துகொண்டிருந்தாள்.

செப்டம்பரில் முதல் வகுப்பு.
ஆரம்ப ஆங்கிலம், காலை எட்டு, அறை 114,
கிரெடிட்டுக்குத் தனிக் கட்டணம்.
ராத்திரி வேலை முடிச்சு வந்தா
தூக்கம் வருமேம்மா, என்றேன்.

வரட்டும் சார். உட்காந்துதானே இருப்பேன்.

அவள் போன பிறகு
விதிப் புத்தகத்தை எடுத்து
கிரெடிட் மணி என்ற பக்கத்தை
முதலிலிருந்து படித்தேன்.
வந்திருக்க வேண்டும் என்று இருக்கிறது.
விழித்திருக்க வேண்டும் என்று
எங்கும் இல்லை.
அடிக்குறிப்பிலும் தேடினேன்.